பறக்கத் தெரியாம தரையில தத்துற குஞ்சுப் பறவைய என்ன பண்றது?

தஞ்சாவூர் பக்கத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காங்க, வீட்டுக் கொல்லையில முருங்கை மரத்தடியில ஒரு கொண்டைக்குருவி குஞ்சு ரெண்டு நாளா இருக்கு, றெக்கையெல்லாம் முளைச்சிருச்சு ஆனா ரெண்டடி எழும்பி பொத்துனு விழுந்துடுது, பால் சோறு வெச்சோம் தொடல, ஃபில்லர்ல தண்ணி விட்டோம் தலைய சிலுப்பிக்கிச்சு, கையில வெச்சு மேல தூக்கித் தூக்கிப் போட்டா பறக்கப் பழகிடுமா, இல்ல கொஞ்ச நாள் கூண்டுல வெச்சு தேறினதும் விட்டுடலாமான்னு. கேள்வி என்னமோ எப்படி பறக்க வைக்கிறதுன்னுதான் இருக்கு, ஆனா அவங்க தெரிஞ்சுக்க நினைக்கிறது ரெண்டு விஷயம்னு எனக்குப் படுது. இந்தக் குஞ்சு அடிபட்டுக் கிடக்கா, இல்ல இந்த வயசுல இப்படித்தான் இருக்குமா. நம்ம கை வெச்சா அதுக்கு நல்லதா கெட்டதா. இந்த ரெண்டுக்கும் பதில் கிடைச்சாலே மத்ததெல்லாம் தன்னால தெளிவாயிடும், அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் கால்நடை டாக்டர். காலேஜ்ல எங்களுக்கு மாடு, ஆடு, நாய், கோழிதான் அதிகம் சொல்லிக் கொடுத்தாங்க, காட்டுப் பறவைங்கள பத்தி நான் கத்துக்கிட்டது பெரும்பாலும் அதுக்கப்புறம் வனத்துறைக்காரங்களும் அக்கம்பக்கத்து ஜனங்களும் அட்டைப் பெட்டியில வெச்சு கொண்டு வந்த பறவைங்கள கையில புடிச்சுப் பாத்துதான். இத்தனை வருஷத்துல தயங்காம சொல்லக்கூடியது என்னன்னா, கோடையில "பறக்க முடியல சார்"னு தூக்கிட்டு வர்ற குஞ்சுங்கள்ல பாதிக்கு மேல எந்த அடியும் இருக்காது, எந்த நோயும் இருக்காது. அம்மா அப்பா பக்கத்து மரத்துல வாயில புழுவோட உக்காந்திருக்கும்போதே நல்ல மனசோட யாரோ தூக்கிட்டு வந்திருப்பாங்க. பாவம் பாத்து செஞ்சதுதான், குத்தம் சொல்லல. ஆனா அந்தக் குஞ்சுக்கு அன்னைக்கு நடந்த பெரிய ஆபத்தே அதுவாத்தான் இருக்கும்.

ஏன்னா கொண்டைக்குருவி, மைனா, தவிட்டுக்குருவி, குண்டுகரிச்சான் மாதிரி பறவைங்க எல்லாம் நல்லா பறக்க வந்ததுக்கப்புறம் கூட்டை விட்டு வர்றதில்ல, அதுக்கு முன்னாடியே வந்துடும். கொண்டைக்குருவி முட்டை பொரிய ஏறக்குறைய ரெண்டு வாரம், பொரிஞ்ச குஞ்சு கூட்டுல இருக்கிறது இன்னும் பன்னெண்டு பதிமூணு நாள்தான். அவ்ளோதான், அதுக்குள்ள குதிச்சிடும். அப்ப அதுக்கு உடம்புல இறகு இருக்கும், ஆனா றெக்கையில இருக்கிற பெரிய இறகும் வால் இறகும் பாதிதான் வளந்திருக்கும், வால் கட்டை விரல் அளவு மொட்டையா நிக்கும், வாயோரத்துல மஞ்சளா ஒரு பட்டை தெரியும், தலையில அங்கங்க பூனைமுடி ஒட்டிக்கிட்டிருக்கும், வாலுக்கு அடியில பெருசுங்களுக்கு இருக்கிற அந்த அடர் சிவப்பு இதுக்கு வெளிறிப் போய் இருக்கும். நெஞ்சு சதையும் இன்னும் திரளல. இந்த நிலைமையில எந்தக் குஞ்சா இருந்தாலும் ரெண்டடி எழும்பி பொத்துனுதான் விழும். நல்லா பறக்க இன்னும் சில நாள் ஆகும், சிலதுக்கு ஒரு வாரம் கூட ஆகும், அது வரைக்கும் புதர் மறைவுல, தரையில, தாழ்ந்த கிளையில தத்திக்கிட்டே இருக்கும், அம்மா அப்பா ரெண்டும் தேடி வந்து ஊட்டும்.

இவ்ளோ அவசரமா ஏன் கூட்டை விட்டு வரணும்னு கேட்டா, கூடுதான் ரொம்ப ஆபத்தான இடம். நாளாக ஆக குஞ்சுங்க சத்தம் கூடும், அம்மா அப்பா வந்து போறதும் கூடும், காக்கா, செம்போத்து, வால்காக்கை, சாரைப்பாம்பு, அணில் எல்லாத்துக்கும் இடம் தெரிஞ்சு போயிடும், ஒரு தடவை கண்டுபுடிச்சா கூட்டுல இருக்கிற மூணு குஞ்சும் போச்சு. அதுவே மூணும் மூணு இடத்துல சிதறி இருந்தா ஒண்ணு போனாலும் ரெண்டு மிஞ்சும். அதனால தரையில இருக்குன்னா விழுந்துடுச்சுன்னு உடனே நினைச்சுக்காதீங்க, அது இறங்கி வந்திருக்கு.

இப்ப தூக்கிப் போட்டுப் பழக்குறது. தயவுசெஞ்சு வேண்டாம். பறக்கிறது யாரும் கத்துக் கொடுத்து வர்ற விஷயம் இல்ல. 1870கள்ல டக்ளஸ் ஸ்பால்டிங்னு ஒருத்தர் பிரிட்டன்ல தகைவிலான்ங்கிற சின்னப் பறவையோட குஞ்சுங்கள றெக்கைய விரிக்கக்கூட இடம் இல்லாத சின்ன அடைப்புக்குள்ள வெச்சு வளத்து, பறக்கிற வயசு வந்ததும் திறந்து விட்டாரு, ஒரு நாள் கூட பயிற்சி இல்லாத அந்தக் குஞ்சுங்க பறந்து போச்சு. அதுக்கப்புறம் புறாவ வெச்சும் இதே மாதிரி பாத்திருக்காங்க. இறகு முழுசா வந்து சதையும் திரண்டா பறக்கிறது தன்னால வரும், வரலன்னா நீங்க எத்தனை தடவை தூக்கிப் போட்டாலும் வராது. பழகப் பழக மெருகேறுறது எதுன்னா சரியா கிளையில இறங்குறது, இடுக்குல திரும்புறது, காத்துல சமாளிக்கிறது, அதையெல்லாம் அது தானே தத்தித் தத்தி பழகிக்கும். தூக்கிப் போடும்போது என்ன ஆகும்னா, நெஞ்சு அடிபட விழும், முளைச்சுக்கிட்டிருக்கிற இறகுக்குள்ள ரத்தம் ஓடிக்கிட்டிருக்கும், அந்தக் குருத்து ஒடிஞ்சா ரத்தம் கொட்டும், கொண்டைக்குருவி குஞ்சு உடம்புல மொத்தமா இருக்கிறதே சில மில்லி ரத்தம்தான். மாடியில இருந்து விட்டுப் பாத்தேன்னு சொல்லி கால் ஒடிஞ்ச குஞ்சுங்கள கொண்டு வந்தவங்க நிறைய பேர பாத்திருக்கேன், வர்றப்ப அவங்க முகத்தப் பாக்கவே கஷ்டமா இருக்கும்.

அப்ப என்னதான் பண்றது? முதல்ல தூரமா நின்னு பாருங்க. தூரம்னா ஜன்னலுக்குப் பின்னாடி, கதவு இடுக்குல, குறைஞ்சது முப்பது நாப்பது அடி தள்ளி, நீங்க இருக்கிறது அம்மா குருவிக்குத் தெரியாத மாதிரி. குஞ்சைச் சுத்தி நாலு பேர் நின்னு போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே "தாய் வரவே இல்ல"ன்னா அது எப்படி வரும், அது பக்கத்து மரத்துல நின்னு கத்திக்கிட்டிருக்கும். ஒரு மணி ரெண்டு மணி நேரம் பொறுமையா பாருங்க, காலையிலயும் சாயங்காலமும் ஊட்டுறது அதிகமா இருக்கும், உச்சி வெயில்ல குறையும். வந்து ஊட்டிட்டுப் போறது ரெண்டு மூணு செகண்ட் வேலைதான், கண் சிமிட்டினா விட்டுடுவீங்க, அதனால இன்னொரு சாட்சி சொல்றேன், எச்சம். குஞ்சு உக்காந்த இடத்துல வெள்ளையும் கருப்புமா திரட்டி திரட்டியா எச்சம் இருந்தா அதுக்கு தீனி உள்ள போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம். ரெண்டு நாளா அங்கேயே இருக்குன்னு நீங்க சொல்றதே எனக்கு நல்ல செய்தியாத்தான் தெரியுது, ஏன்னா இந்த வயசுக் குஞ்சு பகல்ல மணிக்கு பல தடவை சாப்பிட்டாகணும், யாரும் ஊட்டாம இருந்திருந்தா ரெண்டாவது நாள் தத்துறதுக்கு தெம்பே இருந்திருக்காது.

அடுத்து, அடிபட்டதா இல்லையான்னு பாக்குறது. இதுவும் கண்ணால பாக்குறதுதான் முக்கால்வாசி. சும்மா நிக்கும்போது ரெண்டு றெக்கையும் ஒரே உயரத்துல முதுகோட ஒட்டி இருக்கணும், ஒண்ணு மட்டும் தொங்கினாலோ தரையில இழுபட்டாலோ பிரச்சனை இருக்கு. ரெண்டு காலாலயும் ஊனி தத்தணும், ஒரு கால் பின்னாடி இழுத்தாலோ, நெஞ்சு தரையில படுற மாதிரி படுத்தே கிடந்தாலோ பிரச்சனை. கிட்ட போனா பயந்து நகரணும், கண்ணை மூடிக்கிட்டு இறகை உப்ப வெச்சுக்கிட்டு நகராம உக்காந்திருந்தா அது சாதுவா இருக்குன்னு நினைக்காதீங்க, உடம்பு முடியல. ரத்தம், தலை ஒரு பக்கமா சாயுறது, வாயைத் திறந்து மூச்சு வாங்குறது (வெயில்லயும் வாயைத் திறக்கும், அதனால நிழலுக்குப் போனதும் நிக்குதான்னு பாருங்க), இறகுக்கு நடுவுல அரிசி நொய் மாதிரி வெள்ளையா ஈ முட்டை, எறும்பு மொய்ச்சிருக்கிறது, தோலுக்கு அடியில காத்து அடைச்சு உப்பியிருக்கிறது, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. அந்தக் காத்து உப்பல் உயரத்துல இருந்து விழுந்த குஞ்சுங்கள்ல வரும், உள்ள இருக்கிற காத்துப் பை கிழிஞ்சு தோலுக்கடியில வந்து நிக்கிறது, ஊசியால குத்தி எடுத்துடலாம்னு வீட்டுல முயற்சி பண்ணாதீங்க, அது டாக்டர் வேலை.

பூனைய தனியா சொல்லணும். பூனை வாயில ஒரு நிமிஷம் இருந்து தப்பிச்ச குஞ்சுன்னு தெரிஞ்சா, மேல ஒரு கீறல் கூட தெரியலன்னாலும் அது அவசரக் கேஸ். பூனை வாயில பாஸ்டுரெல்லாங்கிற கிருமி சாதாரணமாவே இருக்கும், பல் ஊசி மாதிரி மெல்லிசா இறங்கும், இறகு மூடிக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது, ஆனா ஒரு நாள் ரெண்டு நாள்ல ரத்தத்துல பரவி குஞ்சு செத்துடும். முதல் சில மணி நேரத்துலயே ஆன்டிபயாடிக் போட்டா பொழைக்க வாய்ப்பு இருக்கு. வீட்டுல மீதி இருக்கிற மாத்திரைய பொடிச்சுப் போடாதீங்க, முப்பது கிராம் கூட இல்லாத உடம்புக்கு டோஸ் கணக்கு பண்றது விளையாட்டு இல்ல.

இதெல்லாம் எதுவும் இல்ல, குஞ்சு துறுதுறுன்னு இருக்கு, எச்சம் போடுது, அம்மா சத்தம் கேக்குதுன்னா, உங்க வேலை அந்தக் கொல்லைய ஒரு வாரம் பாதுகாப்பா வெச்சுக்கிறதுதான். பூனைய, நாயை உள்ள விடாதீங்க, முடிஞ்சா வீட்டுப் பூனைய பகல்ல உள்ளயே வெச்சுக்கோங்க, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லி வையுங்க. குப்பைய எரிக்கிறது, புல்லு வெட்டுறத தள்ளிப் போடுங்க. தண்ணித் தொட்டி, பக்கெட் எல்லாத்தையும் மூடுங்க, தத்துற குஞ்சுங்க அதுல விழுந்து சாகுறது நிறைய நடக்குது. எலிக்கு பசை அட்டை வெச்சிருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க. குஞ்சு நடுவெயில்லயோ வாசப்படியிலயோ இருந்தா தைரியமா கையில எடுத்து பத்தடி பக்கத்துல இருக்கிற செடி மறைவுல, செம்பருத்தியோ மருதாணியோ அடர்த்தியா எது இருக்கோ அதுல ஒரு தாழ்ந்த கிளையில விரல் பிடிச்சு நிக்கிற மாதிரி வெச்சுட்டு வந்துடுங்க. மனுஷன் தொட்டா தாய் சேத்துக்காதுன்னு நம்ம ஊர்ல பரவலா ஒரு நம்பிக்கை, அது சரியில்ல, எத்தனையோ குஞ்சுங்கள நான் திரும்பக் கூட்டுல வெச்சிருக்கேன், தாய் வந்து ஊட்டுறதப் பாத்திருக்கேன், குரலும் அந்த விரிஞ்ச வாயும்தான் அதுக்கு முக்கியம். அதுக்காக மணிக்கொரு தடவை எடுத்துக் கொஞ்சலாம்னு இல்ல, கையில இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அதுக்கு புலி வாயில இருக்கிற பயம்தான்.

இறகே முளைக்காத, கண்ணு கூட திறக்காத குஞ்சுன்னா கதை வேற. அது நிஜமாவே விழுந்ததுதான், கூடு கண்ணுக்குத் தெரிஞ்சா எடுத்து உள்ள வெச்சுடுங்க. கூடு பிஞ்சு போயிருந்தா சின்ன கூடையோ, அடியில ஓட்டை போட்ட தயிர் டப்பாவோ எடுத்து காஞ்ச புல், தேங்காய் நார் கொஞ்சம் போட்டு (நார் நீளமா இருந்தா காலைச் சுத்தும், துண்டு துண்டா நறுக்கிப் போடுங்க), பழைய கூடு இருந்த இடத்துக்கு பக்கத்துலயே நிழல்ல கட்டுங்க. ஓட்டை முக்கியம், மழை பேஞ்சா தண்ணி தேங்கக்கூடாது. வெக்கிறதுக்கு முன்னாடி குஞ்சு உடம்பு சில்லுனு இருந்தா உள்ளங்கையில மூடி சூடு ஏத்திக்கோங்க, சில்லுனு இருக்கிற குஞ்சு வாயே திறக்காது, வாய் திறக்காத குஞ்சுக்கு தாயும் ஊட்டாது.

சாப்பாட்டு விஷயத்துல கொஞ்சம் கடுமையா சொல்றேன், ஏன்னா பறக்காம இருக்கிறதால செத்த குஞ்சுங்கள விட ஊட்டினதால செத்த குஞ்சுங்கள நான் அதிகம் பாத்திருக்கேன். பால் எந்தப் பறவைக்கும் ஆகாது, பால்ல இருக்கிற சர்க்கரைய செரிக்கிற சக்தி அதுங்களுக்கு இல்ல, வயித்தால போயி இருக்கிற நீரும் போயிடும். சோறு, பிரட், பிஸ்கட் வயித்த அடைக்கும், சத்து கிடையாது. கொண்டைக்குருவி பெருசானதும் பழம் நிறைய தின்னும், அதப் பாத்துட்டு குஞ்சுக்கு வாழைப்பழம் மட்டும் கொடுப்பாங்க, ஆனா அதோட அம்மா அப்பா ஊட்டுறது அதிகமா பச்சைப் புழு, வெட்டுக்கிளி, பூச்சிதான், எலும்பும் இறகும் வளர புரதம் வேணுமே. எல்லாத்தையும் விட ஆபத்து ஃபில்லர் தண்ணி. பறவைக்கு மூச்சுக் குழாய் வாசல் நாக்குக்கு அடியோரத்துலயே திறந்து கிடக்கும், வாயில சொட்டு விட்டா நேரா நுரையீரலுக்குப் போகும், அன்னைக்கு ஒண்ணும் ஆகாத மாதிரி இருந்து மறுநாள் மூச்சுத் திணறும். உங்க குஞ்சு தலைய சிலுப்பி வெளிய தள்ளிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க, நல்லது, இனிமே விடாதீங்க. ஊட்டுற பெத்தவங்க இருக்கிற குஞ்சுக்கு தனியா தண்ணி தேவையில்ல, புழுவுல இருக்கிற ஈரமே போதும். ராத்திரி ஆஸ்பத்திரி எதுவும் இல்ல, குஞ்சு கண்டிப்பா அனாதைதான், காலை வரைக்கும் தாங்கணும்னா மட்டும் தண்ணியில நல்லா ஊறி மெத்துனு ஆன கேட் ஃபுட், அதாவது கடையில விக்கிற பூனைத் தீனி, அதுல பட்டாணி அளவு எடுத்து, அது தானா வாயைத் திறந்தா மட்டும் உள்ள வெக்கலாம். இது புழு பூச்சி தின்ற குஞ்சுக்கு மட்டும்தான், அதுவும் ஒரு ராத்திரிய ஓட்டுறதுக்கு, வளக்குறதுக்கு இல்ல.

இப்ப எனக்கே உறுதியா சொல்ல முடியாத இடத்துக்கு வர்றேன். நீங்க அனுப்பின படத்துல குஞ்சோட வாலும் வாயோரமும் தெரியுது, அத வெச்சு இது கூட்டை விட்டு இறங்கின வயசுதான்னு சொல்லிடலாம். ஆனா எலும்பு ஒடியலன்னு படத்த வெச்சு யாராலயும் சொல்ல முடியாது. தோள்ல கொரகாய்டுன்னு ஒரு எலும்பு இருக்கு, றெக்கைய கீழ அடிக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்கு முட்டுக் கொடுக்கிறது அதுதான், அது விரிசல் விட்டா றெக்கை தொங்காது, ரெண்டும் சமமாவே தெரியும், ஆனா மேல எழும்பவே எழும்பாது. சுவத்துலயோ கண்ணாடியிலயோ மோதின பறவைங்களுக்கு இது வரும், கையில புடிச்சுப் பாத்தாக்கூட சில சமயம் எனக்குப் பிடிபடாது, எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். அதனால நான் நாளை வெச்சு முடிவு பண்ணச் சொல்றேன். வளர்ற குஞ்சுன்னா நாளுக்கு நாள் முன்னேற்றம் தெரியும், இன்னைக்கு ரெண்டடின்னா நாளன்னைக்கு வேலி உயரம், வாலும் நீளும். ரெண்டு மூணு நாள் கழிச்சும் அதே ரெண்டடிதான், இல்ல ஒரு பக்கமாவே சாஞ்சு சாஞ்சு விழுதுன்னா அப்ப எடுத்துட்டுப் போங்க. அதுக்கு மேல காத்திருக்கவும் வேண்டாம், பறவை எலும்பு சீக்கிரம் கூடும், ரெண்டு மூணு வாரத்துல இறுகிடும், கோணலா இறுகிட்டா அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டுல ஐஸ் குச்சி வெச்சுக் கட்டுறது, பிளாஸ்டர் ஒட்டுறதெல்லாம் வேண்டாம், இறகெல்லாம் பிஞ்சு வரும், நெஞ்ச சுத்தி இறுக்கினா மூச்சே விட முடியாது, அதுக்கு நெஞ்சுக்கூடு விரிஞ்சு சுருங்கினாத்தான் மூச்சு.

கொண்டு போறப்ப ஷூ வர்ற அட்டைப் பெட்டி போதும், மூடியில நாலு ஓட்டை, அடியில பழைய பனியன் துணி (டர்க்கி டவல் வேண்டாம், நகம் மாட்டிக்கும்). கம்பிக் கூண்டுல வெச்சா படபடத்து இறகையும் மூக்கையும் உடைச்சுக்கும். இருட்டும் அமைதியும்தான் அதுக்கு முதலுதவி, வழியில திறந்து திறந்து பாக்காதீங்க. உங்களுக்கு ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான், அங்க கொண்டு போகலாம், கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணி பறவை பாக்குற டாக்டர் இருக்காங்களான்னு கேட்டுக்கோங்க, எல்லா நாளும் எல்லாரும் இருக்க மாட்டாங்க. சென்னையில இருந்து இதப் படிக்கிறவங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, கிண்டி ப்ளூ கிராஸ், பெசன்ட் நகர் பக்கம் இருக்கிற பெசன்ட் மெமோரியல் அனிமல் டிஸ்பென்சரி எல்லாம் இருக்கு. மத்த ஊர்க்காரங்க வனத்துறை ரேஞ்சர் ஆபீஸ்ல கேளுங்க. ஒரே இடத்துல காக்காவோ கொக்கோ நிறைய செத்துக் கிடந்தா மட்டும் தொடாம கால்நடைத் துறைக்குச் சொல்லிடுங்க, பறவைக் காய்ச்சலா இருக்கலாம். மத்தபடி எந்தப் பறவையத் தொட்டாலும் சோப்பு போட்டு கை கழுவிடுங்க.

நான் இதுவரைக்கும் சொன்னது கொண்டைக்குருவி, மைனா, தவிட்டுக்குருவி மாதிரி பறவைங்களுக்கு. எல்லாத்துக்கும் இதே விதின்னு எடுத்துக்காதீங்க. உழவாரன் தரையில கிடந்தா அது பழகுது விட்டுடலாம்னு இருக்கவே கூடாது. வீட்டு ஓரத்துலயும் பாலத்தடியிலயும் கூட்டமா கூடு கட்டுமே நாட்டு உழவாரன், பனையோலையில கூடு ஒட்டுமே பனை உழவாரன், இதுங்களுக்கு கால் ரொம்பக் குட்டை, கிளையில உக்காரவே வராது, செங்குத்தா தொத்தத்தான் தெரியும், குஞ்சு கூட்டை விட்டா அந்த நிமிஷத்துல இருந்து முழுசா பறந்தாகணும், பெத்தவங்க தரைக்கு வந்து ஊட்டாது. தரையில இருக்கிற உழவாரன் அடிபட்டிருக்கு, இல்ல முன்னாடியே விழுந்திருக்கு, இல்ல தரையில இருந்து எழும்ப முடியாம மாட்டியிருக்கு. றெக்கை இறகு முழுசா வளந்திருந்து, பாக்க தெம்பாவும் இருந்தா, திறந்த வெளியில உள்ளங்கைய விரிச்சு தலைக்கு மேல உயர்த்திப் புடிங்க, தூக்கிப் போடாதீங்க, தானா நடுங்கி சூடேத்திக்கிட்டு அதுவே எம்பிப் போகும். போகலன்னா டாக்டர்கிட்ட. கூகைக் குஞ்சும் இப்படித்தான், பழைய கட்டடப் பரண்ல, கிணத்துப் பொந்துல, கோபுரத்துல இருந்து வெள்ளைப் பஞ்சா விழுந்து கிடக்கும், புஸ்ஸுனு சீறும், தரையில கிடந்தா பெத்தவங்க பெரும்பாலும் கவனிக்காது, அதனால அது எந்தப் பொந்துல இருந்து வந்துச்சோ அங்கயே திரும்ப வெக்கணும். நகம் ஆழமா இறங்கும், கெட்டித் துணி போட்டுப் புடிங்க. கூகை வந்தா வீட்டுக்கு ஆகாதுன்னு கல்லால அடிக்கிறவங்க இன்னும் இருக்காங்க, அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, உங்க வயல்ல ஒரு கூகைக் குடும்பம் இருந்தா அந்தப் போகத்துக்கு எலி மருந்து செலவு குறையும், டெல்டாக்காரங்களுக்கு நான் எலியப் பத்தி சொல்லித் தர வேண்டியதில்ல.

காக்கா குஞ்சுன்னா கிட்ட போறப்ப குடை புடிச்சுக்கிட்டுப் போங்க, தலையில கொத்தும், அது கொத்துறதே பெத்தவங்க கவனிச்சுக்கிறாங்கன்னு உங்களுக்குக் கிடைக்கிற அத்தாட்சி. அதே நேரம் "காக்காங்க ஒரு குயில் குஞ்ச விரட்டி விரட்டி கொத்துது"ன்னு கூப்பிடுவாங்க, சில சமயம் நிஜமா விரட்டும், ஆனா நிறைய தடவை போயி பாத்தா வளத்த காக்கா அதோட வாயில தீனி திணிச்சிக்கிட்டிருக்கும், கூட்டை விட்டு வந்தப்புறமும் குயில் குஞ்சுக்கு காக்காதான் கொஞ்ச நாள் ஊட்டும், அதனால ரெண்டு நிமிஷம் நின்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஆள்காட்டி, கௌதாரி, மயில் குஞ்சுங்க முட்டையில இருந்து வந்த கொஞ்ச நேரத்துலயே ஓட ஆரம்பிச்சிடும், தனியா பதுங்கி உக்காந்திருந்தா தொலைஞ்சு போயிடல, ஒளிஞ்சிருக்கு, நீங்க நகர்ந்தா போதும். புறா குஞ்சுக்கு மட்டும் ஊட்டுற முறையே வேற, பெத்தவங்க தொண்டைப் பையில சுரக்கிற பால் மாதிரி ஒண்ணைக் கக்கி ஊட்டும், அது வாயைப் பிளந்து கேக்காது, அலகைத் தாய் வாய்க்குள்ள விட்டு எடுத்துக்கும், அதுக்கு பூனைத் தீனி பொருந்தாது, நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க.

கடைசியா அந்தக் கூண்டு. தேறினதும் விட்டுடலாம்னு நீங்க நினைக்கிறது நல்லெண்ணம்தான், ஆனா கூண்டுல ஒத்தையா மனுஷன் கையில வளந்த குஞ்சு நம்மள தன் இனம்னு நினைக்க ஆரம்பிச்சிடும், எந்தப் புழு எங்க இருக்கும், வைரி மாதிரி வேட்டைப் பறவை வந்தா எப்படி பதுங்கணும், தன் ஆளோட எச்சரிக்கைக் குரல் எதுன்னு அம்மா அப்பா பின்னாடி திரியுற அந்த சில வாரத்துலதான் பழகும். பறக்கிறது தன்னால வரும்னு மேல சொன்னேன், பொழைக்கிறது அப்படி முழுசா தன்னால வராது. கூண்டுல வளந்தத வெளிய விட்டா பறக்கும், ஆனா பூனைகிட்டயே போயி தீனி கேக்கும். சத்துக் குறைவா வளந்தா இறகுல குறுக்கு குறுக்கா கோடு விழுந்து அந்த இடத்துலயே ஒடியும், எலும்பும் வளையும், கோழிக்கறித் துண்டு மட்டும் போட்டு வளத்த பருந்துக் குஞ்சுங்க கால் வளைஞ்சு நிக்கவே முடியாம வர்றதப் பாத்தா மனசு தாங்காது. அதோட நம்ம நாட்டுப் பறவைய வீட்டுல வெச்சு வளக்கிறது 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், பச்சைக்கிளி மைனா எல்லாம் அதுல அடக்கம். ஒரு ராத்திரி பெட்டியில வெச்சிருந்து மறுநாள் ஆஸ்பத்திரிக்கோ வனத்துறைக்கோ கொண்டு போறதுக்கு யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பயப்படாதீங்க, வளக்கிறதுதான் கூடாது.

அதனால இப்போதைக்கு பால் சோத்த எடுத்துடுங்க, ஃபில்லர உள்ள வையுங்க, குஞ்ச முருங்கைக்குப் பக்கத்துல அடர்த்தியா இருக்கிற செடியில தாழ்வா ஏத்தி விட்டுட்டு வீட்டுக்குள்ள வந்துடுங்க. நாளைக்கு காலையில விடிஞ்சதும் ஜன்னல் வழியா ஒரு மணி நேரம் பாருங்க. றெக்கை ரெண்டும் சமமா இருக்கா, ரெண்டு காலும் ஊனுதா, கீழ எச்சம் இருக்கா, கொண்டைக்குருவி பெருசு எதுவும் வாயில எதையாவது வெச்சுக்கிட்டு கிட்ட வருதா, இந்த நாலையும் பாத்து இதுக்குக் கீழயே எழுதுங்க. பூனை எதுவும் கவ்வுச்சா, உயரத்துல இருந்து விட்டுப் பாத்தீங்களாங்கிறதையும் மறைக்காம சொல்லுங்க, யாரும் திட்டப் போறதில்ல, அதத் தெரிஞ்சாத்தான் இன்னைக்கே கிளம்பணுமா இன்னும் ரெண்டு நாள் பாக்கலாமான்னு என்னால சொல்ல முடியும்.